பச்சிளங்குழந்தைக்குத் தேன்: சுன்னத்தா, அறியாமையா?



அண்மையில் நம் உறவுக்காரர் ஒருவரின் இல்லத்தில் அகீகா விருந்துக்குச் சென்றிருந்தோம். பிறந்து ஏழே நாட்களான குழந்தை. வந்திருந்த பெரியவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தார். அதில் தேன் இருந்தது. விரலில் தோய்த்துக் குழந்தையின் வாயருகே கொண்டு சென்றபோது, தாய் மெல்லிய குரலில், "வேண்டாம் மாமா, டாக்டர் ஒரு வயசு வரைக்கும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். அவ்வளவுதான்! கூடம் அமைதியானது. "அல்லாஹ் ஷிஃபா என்று சொன்னதை டாக்டர் வேண்டாம் என்பதா?" என்றார் ஒருவர். "நாங்கள் எல்லாம் தேன் தொட்டு வளர்ந்தவர்கள்தானே?" என்றார் இன்னொருவர். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈமான் குறைந்துவிட்டது" என்று ஒரு மூதாட்டி பெருமூச்சு விட்டார். அந்த இளந்தாய் தலைகுனிந்து நின்றார். பெரியவரின் விரல் குழந்தையின் வாய்க்குள் சென்று வந்தது.

குழந்தைக்கு எதுவும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அன்று அக்கூடத்தில் மௌனமாக இருந்தவர்களில் நாமும் அடக்கம். அந்த மௌனத்துக்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறோம். அன்று ஈமான் குறைந்தவராகப் பார்க்கப்பட்ட அந்தத் தாயே மார்க்கத்தின் பக்கம் நின்றவர். அவரைத் தலைகுனிய வைத்த நாம்தாம் மார்க்கத்தின் பெயரால் அறியாமையைப் பேசினோம்.

தேன் அருட்கொடை என்பதில் ஐயமில்லை

திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் தேனில் மனிதர்க்கு நிவாரணம் இருப்பதை எடுத்துரைக்கிறது (16:69). வயிற்று உபாதையால் வருந்திய தம் சகோதரருக்காக முறையிட வந்த ஒருவரிடம் தேன் புகட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. இவற்றை மறுப்பவர் எவரும் நம்மில் இல்லை.

ஆனால், நிவாரணம் உண்டு என்பதன் பொருள் எல்லா வயதினருக்கும், எல்லா நிலையிலும், எல்லா அளவிலும் என்பதாகுமா? பேரீச்சம்பழம் அருள் நிறைந்த உணவு. நீரிழிவு முற்றியவருக்கு அதைத் தட்டு நிறைய வைத்து "சுன்னத், சாப்பிடுங்கள்" என்று நாம் வற்புறுத்துவதில்லை. இறைச்சி ஹலால். அதை மூன்று மாதக் குழந்தையின் வாயில் எவரும் வைப்பதில்லை. பொருளின் சிறப்பு வேறு, உண்பவரின் நிலை வேறு என்பதை மற்றெல்லா உணவிலும் ஒப்புக்கொள்ளும் நாம், தேனுக்கு மட்டும் விதிவிலக்கு அளிப்பது ஏன்?

தேனைப் போற்றும் அதே அந்நஹ்ல் அத்தியாயம்தான், அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்குமாறும் பணிக்கிறது (16:43). அறுபத்தொன்பதாம் வசனத்தைக் குப்பியின் மேல் அச்சடித்து விற்பவர்கள், நாற்பத்து மூன்றாம் வசனத்தை ஏன் அச்சடிப்பதில்லை?

தஹ்னீக்கின் உண்மை நிலை

"தஹ்னீக் சுன்னத் அல்லவா?" என்ற கேள்வி எழும். ஹதீஸ்களைத் திறந்து பார்ப்போம். அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் குபாவில் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்துக் கொண்டுவந்தபோது, நபி (ஸல்) அவர்கள் மென்று குழந்தையின் வாயில் இட்டது பேரீச்சம்பழம். அபூமூஸா (ரலி) அவர்களின் மகன் இப்ராஹீமுக்கும், அபூதல்ஹா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வுக்கும் பேரீச்சம்பழமே.

அப்படியானால் தேன் எங்கிருந்து வந்தது? ஹதீஸ் விரிவுரையாளர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் தமது ஃபத்ஹுல் பாரியில், பேரீச்சம்பழம் கிடைக்காவிடில் வேறோர் இனிப்புப் பொருளைக் கொள்ளலாம் என்றும், அவற்றுள் தேன் சிறந்தது என்றும் வரிசைப்படுத்துகிறார்கள். அவர்கள் மறைந்தது 1449ஆம் ஆண்டில். தேனில் உறங்கும் கிருமியைப் பற்றி உலகம் அறிந்ததோ 1970களின் பிற்பகுதியில். தம் காலத்து அறிவுக்கு எட்டியவரை ஒரு பேரறிஞர் கூறிய கருத்து அது. நபியின் கட்டளை அன்று. அந்த இமாம் இன்று நம்மிடையே இருந்து, இதனால் குழந்தைகள் மூச்சுத் திணறிச் சாகக்கூடும் என்பதை அறிந்தால், தம் கருத்தைக் கைவிட ஒரு கணமும் தயங்கமாட்டார்கள் என்பது நம் உறுதியான நம்பிக்கை.

தமிழகத்தின் பல ஊர்களில் "சேனை வைத்தல்" என்றொரு பழக்கம் சமய வேறுபாடின்றி உண்டு. முதன்முதலில் யார் இனிப்பைத் தொட்டு வைக்கிறாரோ அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது அதன் பின்னுள்ள நம்பிக்கை. நம் இல்லங்களில் "தஹ்னீக்" என்று பெயர் சூட்டப்பட்டு நடப்பதில் பெரும்பகுதி இந்தச் சேனைதான். பெயரை அரபியில் மாற்றிவிட்டால் செயல் சுன்னத்தாகிவிடுமா?

ஒரு துளியில் மறைந்திருப்பது

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்பது மண்ணிலும் தூசியிலும் வாழும் ஒரு நுண்ணுயிர். காற்றுள்ள இடத்தில் அது வளராது. ஆனால் ஸ்போர் எனப்படும் கடினமான வித்தாக மாறி, ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். தேனீ மலரிலும் மண்ணிலும் அமர்ந்து எழும்போது இந்த வித்துகள் தேனோடு சேர்கின்றன. தேனின் அடர்த்தியும் அமிலத் தன்மையும் அவற்றை வளரவிடாமல் தடுக்கின்றன, கொல்வதில்லை. ஆகவே தேன் கெடாது. மணம், நிறம், சுவை எதிலும் வேறுபாடு தெரியாது.

பெரியவர்களின் குடலில் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் குடியிருப்பதால் இவ்வித்துகள் இடம் பிடிக்க முடியாமல் வெளியேறிவிடுகின்றன. பிறந்த குழந்தையின் குடலோ இன்னும் முழுமையாகக் குடியேற்றப்படாத நிலம். அங்கே வித்து விழித்துக்கொள்கிறது, பெருகுகிறது, நஞ்சைச் சுரக்கிறது. மனிதர் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்று அது. நரம்பு தசைக்கு ஆணையிடப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளிப்படாமல் அது தடுத்துவிடுகிறது. மூளை ஆணையிடுகிறது, தசை அசைவதில்லை. இதுவே குழந்தைப் பொட்டுலிசம். 1976இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில்தான் இது தனி நோயாக முதன்முதல் இனங்காணப்பட்டது. ஒரு வயதுக்கு உட்பட்டோரை, குறிப்பாக ஆறு மாதத்துக்குக் குறைந்தோரையே இது பெரும்பாலும் தாக்குகிறது.

"எங்கள் தேன் கலப்படமற்றது, மலைத்தேன், யெமனின் ஸித்ர் தேன்" என்று வாதிடுவோருக்கு ஒன்று சொல்வோம்: இது கலப்படத்தால் வரும் கேடன்று. தூய தேனிலும் வித்து இருக்கலாம். காய்ச்சினால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கொதிநீரின் வெப்பத்தையும் அந்த வித்துகள் தாங்கும். அவற்றை அழிக்க அழுத்தத்துடன் 121 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

நல்லெண்ணம் காப்பாற்றவில்லை

2017இல் ஜப்பானின் டோக்கியோவில் ஆறு மாதக் குழந்தை ஒன்று இந்நோயால் இறந்தது. பழச்சாற்றில் தேன் கலந்து பல வாரங்கள் அதற்கு ஊட்டப்பட்டிருந்தது. உடலுக்கு நல்லது என்று எண்ணியே குடும்பத்தார் கொடுத்தனர். 2018இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நான்கு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தேன் அடைத்த சூப்பான்களை அவர்கள் சப்பியிருந்தனர். கொடுத்தவர்கள் எவரும் தீயவர் அல்லர். நம் பாட்டிமார்களைப் போலவே அன்பு நிறைந்தவர்கள்தாம்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்நோய் அரிது. இந்நோய் கண்ட குழந்தைகள் பலருக்குத் தேன் கொடுக்கப்படவே இல்லை. மண் தூசியிலிருந்தே வித்து சென்றிருக்கும் என்று கருதப்படுகிறது. 2025 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு பால்மாவு மூலமாகவும் இது பரவி, அந்த மாவு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. "அப்படியானால் தேனை மட்டும் ஏன் குற்றஞ்சாட்டுகிறீர்கள்?" என்று கேட்கலாம். தூசியை எவராலும் முற்றிலும் தடுக்க முடியாது. தேனை நம் கையாலேயே தடுத்துவிடலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கட்ட முடிந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே அவிழ்த்துவிடுவது தவக்குல் ஆகாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வித்து உட்சென்று சில நாட்கள் முதல் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் நோய் தலைகாட்டலாம். பெரும்பாலும் முதலில் தோன்றுவது மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாட்கள் மலங்கழிக்காதிருப்பது இயல்பே. அதற்காக மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதனோடு கீழ்க்கண்டவை சேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது:

- பாலைச் சப்பி உறிஞ்சும் வலு குறைதல், விழுங்கத் திணறுதல், வாயோரம் எச்சில் வழிதல்.
- அழுகை ஒலி மெலிதல்.
- கண் இமைகள் தொங்குதல், முகத்தில் சிரிப்போ சுளிப்போ இன்றி வெறுமை படர்தல்.
- கழுத்து நிற்காமல் தலை சாய்தல், கைகால்கள் துணிபோல் துவளுதல்.
- மூச்சு மேலோட்டமாகவோ திணறலாகவோ ஆதல்.

இத்தளர்ச்சி முகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும். பெரும்பாலும் காய்ச்சல் இராது. ஆகவே "பிள்ளை சமத்தாக இருக்கிறது, அழுவதே இல்லை" என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில் குழந்தை அழவும் வலுவின்றிக் கிடக்கும். நம் வீடுகளில் நடப்பதோ இன்னும் கொடுமை. மலச்சிக்கல் என்றவுடன் வெற்றிலைக் காம்பைத் தேடுவோம். உரைமருந்தை உரசித் தேனில் குழைத்து மீண்டும் புகட்டுவோம். எது காரணமாக இருக்கக்கூடுமோ அதையே மருந்தாக ஊட்டுகிறோம்.

சிகிச்சை உண்டு, ஆனால் காலம் காத்திராது

இந்நோய்க்கு மருத்துவம் உண்டு. உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர், முழுமையாகவும் தேறுகின்றனர். மூச்சுத் தசைகள் தளர்ந்தால் செயற்கைச் சுவாசக் கருவி, விழுங்க முடியாவிடில் மூக்குவழிக் குழாய் மூலம் பால் என்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு பகலாகக் காப்பதே சிகிச்சையின் அடித்தளம்.

நஞ்சை முறிக்க, மனித இரத்தத்திலிருந்து பெறப்படும் எதிர்ப்பொருள் மருந்து ஒன்று உள்ளது. பேபிபிக் என்பது அதன் பெயர். கலிஃபோர்னியா மாநிலத்தின் பொதுச் சுகாதாரத் துறை உருவாக்கிய இதற்கு 2003இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. 122 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் தங்கும் காலம் சராசரியாக 5.7 வாரங்களிலிருந்து 2.6 வாரங்களாகக் குறைந்தது தெரியவந்தது. நரம்பு வழியே ஒரே ஒரு முறை செலுத்தினால் போதும். ஆனால் இரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைத்தான் அது முறிக்கும். நரம்பு முனையில் பற்றிக்கொண்ட நஞ்சை எந்த மருந்தாலும் பிரிக்க இயலாது. புதிய நரம்பு முனைகள் துளிர்க்கும்வரை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவேதான் மலப் பரிசோதனையின் முடிவுக்குக்கூடக் காத்திராமல், அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்கிறது மருத்துவம்.

அந்த மருந்து நம் தெருமுனை மருந்துக்கடையில் கிடைப்பதன்று. ஒரே ஓர் அமைப்பின் வசம் உள்ளது. விலையோ பல்லாயிரம் டாலர். கடல் கடந்து அதை வரவழைப்பது எல்லாக் குடும்பத்துக்கும், எல்லா மருத்துவமனைக்கும் கைகூடும் காரியமா? வாயில் தேன் வைக்க நான்கு பேர் முன்வருகிறார்கள். அந்த மருந்துக்கு வழிதேட யார் முன்வருவார்?

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். குழந்தை துவண்டுவிட்டால் மருத்துவர்கள் முதலில் இரத்தத்தில் கிருமித் தொற்றோ என்று ஐயுறுவது வழக்கம். அதற்குத் தரப்படும் ஜென்டாமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் பொட்டுலிசத்தில் தசைத் தளர்ச்சியை மேலும் கூட்டக்கூடியவை. ஆகவே, "தேன் கொடுத்தோம்" என்ற ஒரு சொல் சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடும். திட்டு விழுமே என்று அஞ்சி அதை மறைப்பவர்கள் குழந்தைக்குத் துரோகம் செய்கிறார்கள். குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் உயிர் ஊசலாடும்போது நம் மானத்தைக் காப்பது எந்த மார்க்கம்?

"நாங்களும் தேன் தொட்டு வளர்ந்தவர்கள்தானே?"

இது பிழைத்தவர்களின் வாதம். பிழைக்காத குழந்தைகள் கூடத்தில் வந்து அமர்ந்து பேசுவதில்லை. முந்தைய தலைமுறைகளில் எத்தனை வீடுகளில் "தோஷம்", "கண்ணேறு", "மூச்சு முட்டிப் போய்விட்டது" என்ற சொற்களோடு சிறு கப்றுகள் தோண்டப்பட்டன! அவை எல்லாம் தேனால் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்ல ஆதாரமும் இல்லை. ஆனால் காரணம் தேடப்படாத மரணங்களைக் கணக்கில் சேர்க்காமல், "எதுவும் ஆகவில்லை" என்று சொல்லவும் எவருக்கும் உரிமை இல்லை.

மருத்துவம் கற்காமல் மருத்துவம் செய்து தீங்கு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்திலமைந்த நபிமொழி அபூதாவூதில் உள்ளது. வாட்ஸ்அப்பில் "பிறந்த குழந்தை முதல் பெரியவர் வரை" என்று தேனுக்கு விளம்பரம் செய்யும் வணிகர்களும், மேடையில் தாடியைத் தடவிக்கொண்டு "டாக்டர்கள் பேச்சை விடுங்கள்" என்று முழங்கும் பேச்சாளர்களும் இந்த நபிமொழியின் முன் ஒரு கணம் நிற்கட்டும். மறுமையில் அந்தப் பொறுப்பைச் சுமக்க அவர்கள் ஆயத்தமா?

"இது மேற்கத்தியர் கூற்று" என்பாரும் உளர். அர்ராஸீயும் இப்னு ஸீனாவும் கிரேக்கரிடம் கற்றுத் தேர்ந்தே உலகுக்கு மருத்துவம் தந்தார்கள். கிரேக்கர் சொன்னது என்பதற்காக அவர்கள் அறிவைத் தள்ளவில்லை. அந்தப் பரம்பரையின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசும் நாம், அவர்கள் போற்றிய அறிவையே உதறுகிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை தேனை எவ்வடிவிலும் கொடுக்க வேண்டாம். விரலில் தொட்டும் வேண்டாம். சூப்பானில் தடவியும் வேண்டாம். உரைமருந்தில், துளசிச் சாற்றில், கற்பூரவள்ளிச் சாற்றில், இருமல் கஷாயத்தில் கலந்தும் வேண்டாம். ஓராண்டு கடந்தபின் தாராளமாகக் கொடுங்கள்.

பாலூட்டும் தாய் தேன் உண்ணலாம். தாய்ப்பால் வழியே இந்நோய் குழந்தைக்குச் செல்வதில்லை. ஆகவே ஆசையோடு கொண்டுவந்த தேனைத் தாய்க்குக் கொடுங்கள். அவள் மனமும் குளிரும், கொண்டுவந்தவர் மனமும் நிறையும்.

குழந்தையின் முதல் உணவு சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவது பற்றி அல்பகரா அத்தியாயம் (2:233) பேசுகிறது. திருமறை இவ்வளவு விரிவாகப் பேசிய பாலை விட்டுவிட்டு, பேசாத ஒன்றைக் குழந்தையின் வாயில் திணிப்பானேன்?

தஹ்னீக் செய்ய விரும்புவோர் குழந்தை மருத்துவரைக் கலந்து, அவர் ஒப்பினால், நோயற்ற ஒருவர் கைகளைக் கழுவி, நன்கு மசித்த பேரீச்சம்பழத்தின் மிகச் சிறு பூச்சோடு நிறுத்திக்கொள்ளட்டும். குறைமாதக் குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் அதுவும் வேண்டாம். துஆ கேட்கத் தேன் தேவையில்லை.

ஆலிம் பெருமக்களுக்கு நம் பணிவான வேண்டுகோள்: ஒரே ஒரு ஜும்ஆ உரையில் இதைச் சொல்லுங்கள். பத்து மருத்துவர்கள் சொல்லிக் கேளாத வீடு, மிம்பரிலிருந்து வரும் ஒரு சொல்லைக் கேட்கும். குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "வேண்டாம்" என்று சொல்லும் மருமகளைத் தனியே நிற்க விடாதீர்கள். அந்தச் சொல்லை அவள் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள். அன்று நாம் சொல்லத் தவறினோம். இனித் தவறமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

நம் குழந்தைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, நாம் அறியாமையால் செய்தவற்றை மன்னித்து, அறிந்தபின் அடம்பிடிக்கும் குணத்திலிருந்து வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.